பின்னறையின் பயன்

நகராட்சியில் அவருடைய பதவிப் பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையாது. கட்டடங்களை அளந்து, எந்த அறை எதற்குப் பயன்படுகிறது என்று படிவத்தில் எழுதி, வரி போடுவதற்கு மேலே அனுப்புகிற வேலை. ஊர் அதைச் சுருக்கி அவருக்கு ‘அங்குலம்’ என்று பேர் வைத்துவிட்டது. எதிரில் வந்தால் ‘சார்’, தலை மறைந்தால் ‘அங்குலம்’. அவருக்கும் இது தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பேர் வந்த கதை இதுதான். தன் வீட்டுப் பின்புறம் துணி துவைக்கிற இடத்துக்கு மேலே தகரம் போட்டார். போட்ட மறுநாளே டேப்பை எடுத்து அளந்து, தன் வீட்டுக்குத் தானே கூடுதல் வரி எழுதி அனுப்பினார். ஆபீசே வாயைப் பிளந்தது. அவர் மனைவி மட்டும் சிரித்தாள்.

“கையில அந்த டேப் இருந்தா போதும், கட்டுன பொண்டாட்டியக்கூட நீளம் அகலம் பாத்து எழுதிருவீங்க.”

“உனக்கு வரி கிடையாது. நீ அத்தியாவசியப் பொருள்” என்றார் அவர். அப்போது அது இருவருக்கும் நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த வாரம் ஆபீசுக்கு ஒரு மனு வந்தது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கிறிஸ்தவ ஆலயத்தின் மேல் புகார். எதிர்வரிசையில் தங்கும் விடுதி நடத்துகிறவர் எழுதியிருந்தார். ஆலயத்தின் பின்னறையில் பன்னிரண்டு கட்டில்கள் போட்டிருக்கிறார்கள், ஆட்கள் வந்து படுக்கிறார்கள், நான் ஒவ்வொரு கட்டிலுக்கும் வரி கட்டுகிறேன், அவர்களுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்டிருந்தார். கேள்வியில் குறை சொல்ல முடியாது.

விதி ஒரே வாக்கியம்தான்: வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் கட்டடத்துக்கு வரி இல்லை. அந்த ‘மட்டுமே’யில்தான் ஆபீஸ் இரண்டாகப் பிரியும். அன்றைக்கும் பிரிந்தது.

“தெருவிளக்கு அவங்களுக்கும்தானே எரியுது? குப்பை வண்டி அங்கயும்தானே நிக்குது? அப்புறம் எதுக்கு விலக்கு?” என்றார் ஒரு குமாஸ்தா.

“கடவுளுக்கு வரி போட்டா யார்கிட்டப்பா ரசீதக் குடுப்ப?” என்றார் இன்னொருவர்.

அங்குலத்துக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. இருபத்தாறு வருஷ சர்வீசில் அதை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். “விலக்குன்னா பாரம் காணாமப் போயிருதுன்னு நினைக்காதீங்க. ஒருத்தன் தோள்லருந்து இறக்கினா அது பக்கத்துல நிக்கிறவன் தோள்லதான் ஏறும்.”

ஆபீசின் தலைமை அதிகாரியான பெரிய மேடம் அந்த மனுவின் கோப்பை அவரிடமே தள்ளினார். “நீங்களே போய் அளந்துட்டு வாங்க. நீங்க எழுதினா எவனும் மறுபேச்சு பேச மாட்டான். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. காசு வாங்கிக் கட்டில் விடுறாங்கன்னா மொத்தக் கட்டடத்துக்கும் விலக்கு போயிரும். அவங்க இருக்கிற நிலைமைக்கு இழுத்து மூட வேண்டியதுதான்.”

செவ்வாய்க்கிழமை மதியம் போவதாக முடிவு செய்தார். ஆராதனை இல்லாத நேரம் என்றால் அளக்க வசதி.

செவ்வாயும் வெள்ளியும் மதியம் அவர் மனைவி ஜெபத்துக்குப் போகிற நாட்கள். ஒரு வருஷமாக அந்தப் பழக்கம். அதற்கு முன்னால் புருஷன் பெண்டாட்டி இருவருமே ஆலயத்துக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவளுக்குப் பக்தி முற்றியதில் அவருக்கு ஆச்சரியம். ஊரில் இருக்கிற ஏழெட்டு ஆலயங்களில் எதற்குப் போகிறாள் என்றுகூடக் கேட்டதில்லை.

“என்ன, கடவுள்கிட்ட என்னப் பத்திக் கோள் மூட்டப் போறியா?” என்பார்.

“ஆமா, பெரிய பட்டியலே இருக்கு. இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கல” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போவாள்.

திரும்பி வரும்போது ஆள் வேறாக இருப்பாள். முகம் தெளிந்திருக்கும். ஒரு கன்னத்தில் கோடு மாதிரி ஒரு தடம் இருக்கும். பெஞ்சில் முகத்தைச் சாய்த்து அவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். சொன்னால் வெட்கம், கடவுள் மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்ததுண்டு.

வீட்டில் அவருடைய அப்பா படுக்கையில் கிடந்தார். பக்கவாதம் வந்து மூன்று வருஷம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. எஞ்சியது ஒரே ஒரு சொல்: “ஏம்மா.” தாகம் என்றாலும் ஏம்மா, ஈரம் என்றாலும் ஏம்மா, பயம் என்றாலும் ஏம்மா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பகலும் இரவும் அதைச் செய்தது மருமகள். மகன் படுத்தால் இடி விழுந்தாலும் எழாத ஆள். “அவருக்குக் காலைல ஆபீஸ் இருக்குல்ல” என்று அவளே சொல்லிவிடுவாள். “உன்னால எப்படித்தான் முடியுதோ” என்று இவர் மனசாரப் பாராட்டுவார். பாராட்டியதோடு அவர் பங்கு முடிந்துவிடும். செவ்வாய், வெள்ளி மட்டும் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு மணி நேரம் பெரியவரைப் பார்த்துக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு அங்குலம் அந்தத் தெருவில் போய் இறங்கியதும் விடுதிக்காரர் ஓடி வந்தார். லாரி ஓட்டுகிறவர்கள் வந்து தங்குகிற விடுதி. வாசலில் மூன்று வண்டிகள் நின்றன, நாலாவது ஒன்று இடம் கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“வாங்க சார். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறாங்க சார். பன்னெண்டு கட்டிலு. ஆஸ்பத்திரில கழிச்சுப் போட்டத வண்டில கொண்டுவந்து இறக்குனத என் கண்ணால பாத்தேன். கடவுள் பேர எழுதிட்டா கட்டில் கட்டில் இல்லன்னு ஆயிருமா?”

“ஆகாது” என்றார் அங்குலம். “இருந்தா இருக்குன்னு எழுதுவேன்.”

“அது போதும் சார் எனக்கு. எனக்கும் நாலு பிள்ளைங்க.”

ஆலயத்தில் போதகர் இல்லை, ஒரு சாவு வீட்டில் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். பெருக்குவது, மணி அடிப்பது, சாவி வைத்திருப்பது எல்லாம் செய்கிற ஒருவர் இருந்தார். சபையில் அவரைச் சாவிக்காரர் என்பார்கள். அறுபது வயது, ஒடிசலான உருவம். நகராட்சி ஆளைப் பார்த்ததும் நெற்றி வியர்த்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷனிடம் யாரோ பொய்யைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அங்குலத்துக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

பெரிய கூடத்தை அளந்தார். டேப் ஒவ்வொரு தடவையும் சடக்கென்று சுருண்டு உள்ளே போனது.

“இதன் பயன்?”

“ஜெபம்ங்க.”

சரிதான். பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் அடுப்பும் டீப் பாத்திரமும் இருந்தன.

“இது?”

“ஜெபம்ங்க.”

மாடிப்படிக்குக் கீழே ஏணி, விளக்குமாறு, உடைந்த நாற்காலிகள்.

“இங்க?”

“இங்கயும்... ஜெபம்தாங்க.”

அங்குலம் பேனாவை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கூடத்துக்கு வெளியே ஓரமாக இருந்த கதவைத் திறந்தார். கக்கூஸ்.

“பெரியவரே, இதுவுமா?”

சாவிக்காரர் எச்சில் விழுங்கினார். “அது... தனிஜெபம்ங்க.”

அங்குலம் சிரித்துவிட்டார். பல வருஷங்களாக வேலை நேரத்தில் அவர் சிரித்ததில்லை. சாவிக்காரருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பயத்தில் அது பாதியிலேயே நின்றுவிட்டது. “எந்த ரூமக் கேட்டாலும் அப்படிச் சொல்லுங்கன்னு ஐயா சொல்லிட்டுப் போனாருங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது” என்றார்.

“சரி, பின்னறையத் திறங்க.”

சாவிக்காரர் நகரவில்லை. பின்னறைக் கதவில் முதுகை ஒட்டவைத்தபடி நின்றார். தோளுக்கு மேலே ஒரு காகிதத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது.

“என்ன மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க.”

“தள்ளுங்க.”

தள்ளினார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ‘தயவுசெய்து இந்த அறையில் யாரும் ஜெபம் பண்ணாதீர்கள். — போதகர்.’

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஏமாற்று வேலைகளை அங்குலம் பார்த்திருக்கிறார். கடையை வீடு என்பார்கள், வீட்டை மாட்டுக்கொட்டகை என்பார்கள். வரி விலக்கு உள்ள ஓர் ஆலயம், விலக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதையே செய்யாதே என்று கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டிவைத்ததை இப்போதுதான் பார்த்தார்.

“இது யார் வேலை?”

“ஐயாவேதாங்க எழுதினாரு. ஒரு அம்மா வந்து சத்தம் போட்டு ஜெபிச்சுட்டாங்க. உள்ள இருந்த பதினோரு பேரும் எந்திரிச்சுட்டாங்க. அதுல ரெண்டு பேரு அழுதுட்டாங்க சார்.” சாவிக்காரர் குரலைத் தாழ்த்தினார். “இனிமே மறைக்க என்ன இருக்கு? பாருங்க. ஆனா சத்தம் மட்டும் போடாதீங்க. ஷூவக் கழட்டிருங்க.”

கதவு சத்தமில்லாமல் திறந்தது. கீலுக்குப் புதிதாக எண்ணெய் விட்டிருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கெட்டியான திரை. உள்ளே பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், பன்னிரண்டிலும் பெண்கள் தூங்கினார்கள். சுவரில் சிலுவை இல்லை, படம் இல்லை, கடிகாரம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. ஒருத்தி நர்ஸ் உடுப்போடு கிடந்தாள். ஒருத்தி கைப்பையை அணைத்தபடி. வீட்டில் எழுந்திருக்க முடியாதவர்களை வைத்துக்கொண்டிருப்பவர்கள் என்று சாவிக்காரர் காதோரம் சொன்னார். புருஷனோ, மாமியாரோ, மூளை வளராத பிள்ளையோ. செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணி நேரம் வந்து தூங்கிவிட்டுப் போவார்கள். காசு எதுவும் கிடையாது. யாரை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பார்கள், சாவிக்காரர் வந்து கால் விரலைத் தொட்டு எழுப்புவார்.

அங்குலம் கட்டில்களை எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் எண்ணிக்கை நின்றது.

ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாய் திறந்திருந்தது. லேசான குறட்டை. தலையணை உறையின் தையல் கன்னத்தில் அழுந்திக் கோடு போட்டிருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அந்தத் தூக்கத்தில் ஒரு கவலை இல்லை, ஒரு கணக்கு இல்லை. குழந்தை தூங்குகிற மாதிரி தூங்கினாள்.

மூன்று வருஷமாக அவள் தூங்கி அவர் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் படுக்கும்போது அவள் விழித்திருப்பாள், அவர் எழும்போது அவள் எழுந்து வெகுநேரம் ஆகியிருக்கும். நடுவில் அவள் தூங்குவாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

“அந்த அம்மாவாலதான் சார் இந்த ரூமே வந்துச்சு” என்று சாவிக்காரர் கிசுகிசுத்தார். “போன வருஷம் ஒரு மதியம் வந்து பெஞ்சுல மண்டி போட்டாங்க. போட்டவாக்குலயே தூங்கிட்டாங்க. முன்பெஞ்சுல நெத்தி மோதிப் பொத்துக்கிச்சு. ஐயா ஓடிவந்து, என்ன கஷ்டம்மா, எதுக்காக ஜெபிக்கணும்னு கேட்டாரு. அதுக்கு அந்த அம்மா, ஜெபம் வேணாங்கய்யா, ஒரு அரை மணி நேரம் என்னைத் தூங்க விடுவீங்களான்னு கேட்டாங்க.”

நெற்றியில் அந்தத் தழும்பு அவருக்குத் தெரியும். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று அவள் சொன்னாள். பார்த்து நடக்கக் கூடாதா என்று அவர் கடிந்துகொண்டார்.

“வீட்டுல ஆம்பள யாரும் இல்லியா?” என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“வீட்டுக்காரர் இருக்காராம் சார். ரொம்ப நல்ல மனுஷன்னுதான் சொல்லுவாங்க. ஒருநாள்கூட அவரப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல.”

குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். கோள் மூட்டுகிற பட்டியல் என்று அவள் சொன்னதெல்லாம் விளையாட்டு, இங்கே வந்து அவள் அவரை விட்டுக்கொடுத்ததே இல்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஊரில் யாருக்கு விலக்கு என்றாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனுஷன், தன் வீட்டில் தனக்கு இருந்த விலக்கைப் பார்க்கவில்லை. அவர் தோளிலிருந்து இறங்கிய பாரம் யார் தோளில் ஏறியது என்பது இதோ ஐந்தாம் கட்டிலில் கிடந்தது.

வேலை பாக்கி இருந்தது. டேப்பைக் கையில் எடுத்தார். இழுத்துவிட்டால் சடக்கென்று சத்தம் வரும். திரும்பப் பையில் போட்டார். அவருடைய பாதம் பத்தேகால் அங்குலம், அது அவருக்கு மனப்பாடம். சுவரில் குதிகாலை ஒட்டவைத்து, அடிமேல் அடி வைத்து, பன்னிரண்டு பேரின் தூக்கத்துக்கு நடுவே நடந்து அளந்தார். நீளம் இருபத்தெட்டுப் பாதம். அகலம் பத்தொன்பது. டேப் இல்லாமல் அவர் ஓர் அறையை அளந்தது அதுவே முதல் தடவை.

ஐந்தாம் கட்டிலைத் தாண்டும்போது தரைப்பலகை ஒன்று முனகியது. அவள் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினாள்.

“இதோ வந்துட்டேன் மாமா” என்றாள்.

அவர் அசையாமல் நின்றார். கை கொஞ்ச நேரம் காற்றில் இருந்துவிட்டு மறுபடி கீழே இறங்கியது. குறட்டை தொடர்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து ஷூவை மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது.

கூடத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். பின்னறை. நீளம், அகலம் எழுதினார். அடுத்த கட்டம்: பயன். ஒரு சொல்தான் எழுத வேண்டும். வழிபாடு என்று எழுதினால் கோப்பு இன்றோடு மூடப்படும். அவர் எழுதினால் எவனும் மறுபேச்சு பேச மாட்டான் என்று மேடமே சொல்லியிருக்கிறார். எழுதாவிட்டால் அறைக்கு வரி விழும், சபைக்குக் கட்ட வழியிருக்கிறதோ இல்லையோ, கட்டில்கள் போனாலும் போகும். அவளுக்கு வாரத்தில் இருக்கிற நாலு மணி நேரமும் போய்விடும்.

சாவிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். “சார், கதவுல இருக்கிற அந்தக் காகிதத்தக் கிழிச்சிரட்டுமா?”

“கிழிக்காதீங்க” என்றார் அங்குலம். “அது இல்லன்னா எவராவது ஜெபம் பண்ணி எழுப்பிருவாங்க.”

பிறகு குனிந்து எழுதினார்.

நாலு மணிக்கு வழக்கமாக அவர் ஆபீசில் இருப்பார். அன்றைக்கு வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பிவிட்டு, அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க முயன்றுகொண்டிருந்தார். கட்டடத்தை அளக்கத் தெரிந்த கைக்கு மனுஷனைப் புரட்டத் தெரியவில்லை. பெரியவர் மிரண்டுபோய் “ஏம்மா, ஏம்மா” என்று கத்தினார். அந்தச் சமயத்தில் அவள் உள்ளே வந்தாள், கன்னத்தில் கோட்டோடு.

“என்னங்க இது? உடம்பு சரியில்லையா?” கேட்டுக்கொண்டே இரண்டெட்டில் வந்து மாமனாரின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

“தள்ளு, நான் பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லு.”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள். முதலில் முழங்காலை மடக்க வேண்டும், அப்புறம் இடுப்பு, கடைசியாகத் தோள். மூன்றாம் தடவை சரியாக வந்தது. பெரியவர் மகனை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னைக்கு ஒரு ஆலயத்த அளக்கப் போனேன்” என்றார். “பஸ் பணிமனைக்குப் பின்னால.”

அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மறைக்கிற மாதிரி தேய்த்தாள். “பாத்தீங்களா?”

“பாத்தேன். அஞ்சாம் கட்டில்.”

“பொய் சொல்லணும்னு நினைக்கலங்க. தூங்கப் போறேன்னு எப்படிங்க சொல்றது? வீட்டுல ஒருத்தர் இப்படிக் கிடக்கும்போது, நட்டநடு மதியானத்துல தூங்கறதுக்குன்னு ஒருத்தி வெளிய போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? ஜெபத்துக்குன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.” மாமனாரின் போர்வையை இழுத்துவிட்டாள். “நீங்க எனக்காகத் தப்பா எதுவும் எழுத வேணாம். ஆனா அந்த ரூம மூடிருவாங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“வரி விழலாம். விழுந்தா என்ன பண்ணுவாங்கன்னு தெரியல.”

“என்னன்னு எழுதினீங்க?”

“தூக்கம்னு எழுதினேன்.”

“ஜெபம்னே எழுதியிருக்கலாமே” என்றாள் அவள், மெதுவாக.

“எழுதியிருக்கலாம். எழுதலாம்னுதான் பேனாவையும் எடுத்தேன்.” அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒரு வருஷமா உன் தூக்கத்துக்கு வேற பேர் சொல்லிட்டுத்தானே நீ வீட்ட விட்டு வெளிய போக முடிஞ்சிருக்கு. நானும் அதையே எழுதினா அது காலத்துக்கும் அப்படியே நின்னுரும். நீ அவ்வளவு நல்லா தூங்கிட்டிருந்த. அத வேற பேர்ல எழுத எனக்கு மனசு வரல. அந்த அறைல என் மனைவியும் தூங்கறா, அதனால முடிவு பண்ண வேற ஆள அனுப்புங்கன்னும் கீழ எழுதிட்டேன்.”

“ஆபீசுக்கேவா? மானம் போச்சு” என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். “குறட்டை விட்டேனா?”

“அது படிவத்துல கேக்கல.”

பெரிய மேடம் படிவத்தை இரண்டு தடவை படித்தார். “யோவ், ஒரு வார்த்தைய மாத்திப் போட்டிருந்தா எல்லாருக்கும் நிம்மதியா முடிஞ்சிருக்கும்” என்றார். ஆனாலும் முறைப்படி வேறொருவரை அனுப்பினார். அவர் டேப்போடு போய் அளந்தார். நீளத்தில் ஒரே ஓர் அங்குலம்தான் வித்தியாசம் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஆபீஸ் ஒரு வாரம் சிரித்தது. காசு வாங்கவில்லை என்பதால் ஆலயத்தின் விலக்கு தப்பியது. பின்னறைக்கு மட்டும் ‘பிற பயன்’ என்று தனி வரி விழுந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் அந்தச் சபைக்கு அதுவும் சுமைதான். போதகர் ஒளிவுமறைவில்லாமல் பன்னிரண்டு வீட்டுக்கும் கடிதம் எழுதினார். ‘உங்கள் வீட்டுப் பெண் எங்கள் பின்னறையில் வாரம் இருமுறை தூங்குகிறார். அந்த அறையைத் திறந்து வைக்க உங்களால் ஆனதைச் செய்யுங்கள்’ என்று.

பதினோரு வீடுகள் ஏதோ செய்தன. ஒரு வீட்டில் பெரிய சண்டை.

“எட்டாம் கட்டில் இப்ப வர்றதில்ல” என்று மனைவி ஒருநாள் சொன்னாள். “ஜெபம்னு நினைச்சுத்தானே அனுப்பினோம், தூங்கறதுக்கா போனன்னு அவ மாமியார் கேட்டாங்களாம்.” அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு அங்குலம் சரியாகச் சாப்பிடவில்லை. நேர்மையின் பாரமும் எங்காவது ஒரு தோளில்தான் போய் ஏறுகிறது. எட்டாம் கட்டிலில் இருந்தவளின் முகம்கூட அவருக்கு நினைவில் இல்லை.

விடுதிக்காரர் ஜெயித்தார். ஜெயித்த சந்தோஷம் அவருக்கு ஒருநாள்கூட நிற்கவில்லை. “வீட்டுல தூங்க முடியாதவங்களா வந்தாங்க? முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்று சாவிக்காரரைப் பிடித்து ஏசினார். “இருபது வருஷமா கட்டில் விடுறேன், தூக்கத்தோட அருமைய எங்கிட்டயா மறைக்கிறது?” மறுவாரம் அவர் விடுதி வாசலில் ஒரு பலகை தொங்கியது: செவ்வாய், வெள்ளி மதியம் ஹாரன் அடிக்கக் கூடாது. அடித்த ஒரு லாரிக்காரருக்கு அவரிடமிருந்து கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

அங்குலம் வெள்ளிக்கிழமைகளில் அரைநாள் விடுப்பு எடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு அவர் முறை. பெரியவருடைய ஒற்றைச் சொல்லில் தாகத்துக்கும் பயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஆனாலும் வீட்டில் படுத்தால் அவளுக்கு நல்ல தூக்கம் வருவதில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று காது விழித்துக்கொண்டே இருக்கிறது என்றாள். அந்தக் காது ஓய்வது ஐந்தாம் கட்டிலில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் தலையை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்குலம் அப்பாவின் அறை ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன, ஜெபத்துக்கா?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

அவள் ஒரு கணம் நின்றாள். திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். உள்ளிருந்து “ஏம்மா” என்று குரல் வந்தது, “இருக்கேன்ப்பா” என்று அங்குலத்தின் குரல் பதில் சொன்னது.

“இல்லக்கா” என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. “தூங்கப் போறேன்.”